பால் கக்கும் குழந்தையும் கரப்பான் கண்ட மேனியும்



பிறந்து இரண்டு மூன்று மாதமே ஆன கைக்குழந்தை. பால் குடித்த சற்று நேரத்தில் கடைவாயில் பாலை வழியவிடுகிறது. கன்னத்திலே சிவப்பாகத் தடிப்பு. இரவில் தூங்காமல் சிணுங்குகிறது. வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் உள்ளவர்கள் என்ன சொல்வார்கள்? “தாய்ப்பால் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்பார் ஒருவர். “நீ கத்தரிக்காயும் கருவாடும் தின்றாய் அல்லவா, அதுதான் கரப்பானாகக் கிளம்பிவிட்டது” என்பார் இன்னொருவர். “சீர் தட்டியிருக்கிறது” என்பார் மூன்றாமவர். கடைசியில் அந்தத் தாய் மிளகு ரசமும் சோறும் மட்டுமே உண்டு இளைத்துப் போகிறாள். அல்லது, தன் பாலையே நிறுத்திவிட்டு டின்பாலைக் கரைக்கத் தொடங்குகிறாள்.

இந்த இரண்டு முடிவுகளுமே பெரும்பாலும் தேவையில்லாதவை. இரண்டாவது முடிவோ ஆபத்தானது. ஆகவே, பால் கக்குதல், கரப்பான், உணவு ஒவ்வாமை ஆகிய மூன்றையும் இன்று தனித்தனியே பிரித்துப் பார்ப்போம். மூன்றும் ஒரே குழந்தையிடம் இருக்கலாம். ஆனால் மூன்றும் ஒன்றல்ல.

முதலில் பால் கக்குதல். நம் வாயிலிருந்து இரைப்பைக்குச் செல்லும் உணவுக்குழாயின் அடியில் வளையம் போன்ற ஒரு தசை இருக்கிறது. சுருக்குப்பையின் கயிற்றைப் போல அது இறுகி, உள்ளே போனதை மேலே வரவிடாமல் காக்கிறது. கைக்குழந்தைக்கு இந்தத் தசை இன்னும் பழகவில்லை. நினைத்த நேரத்தில் தளர்ந்துவிடும். குழந்தை உண்பதோ நீர்போன்ற பால். நாளின் பெரும்பகுதி அது படுத்தே இருக்கிறது. இரைப்பையும் மிகச் சிறியது. பால்மரத்தில் கட்டிய மங்கு நிறைந்தால் மேலே வழிகிறதல்லவா? அதைப்போலத்தான் இதுவும். இது நோயல்ல, வளர்ச்சியின் ஒரு கட்டம்.

3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் நாளுக்கு ஒரு முறையாவது பால் கக்குகிறார்கள். 4 மாத வாக்கில் இது கூடுதலாக இருக்கும். குழந்தை உட்காரவும் கெட்டியான உணவு உண்ணவும் தொடங்கியதும் குறைந்துகொண்டே வந்து, 12 முதல் 18 மாதத்துக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நின்றுவிடும். கக்கிய பாலைப் பார்த்தால் நிறையப் போய்விட்டதாகத் தோன்றும். ஒரு மேசைக்கரண்டித் தண்ணீரைச் சிமெண்டுத் தரையில் ஊற்றிப் பாருங்கள். எவ்வளவு தூரம் பரவுகிறது என்று தெரியும்.

உண்மையை அறிய வேறு வழி இருக்கிறது. குழந்தையின் எடையைக் கவனியுங்கள். கிளினிக்கில் கொடுத்த சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில் எடைக் கோடு சீராக மேலே ஏறுகிறதா என்று பாருங்கள். புத்தகம் மலாய்மொழியில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். பள்ளிக்குச் செல்லும் மூத்த பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். பிறந்து ஒரு வாரம் கழிந்த குழந்தை, நாளுக்கு ஆறு முறையேனும் சிறுநீரால் துணியை நனைக்க வேண்டும். எடை ஏறி, துணி நனைந்து, குழந்தை முகம் தெளிந்து சிரித்தால், அது கக்கும் பாலைத் துடைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

செய்ய வேண்டியவை எளியவை. மார்பின் காம்பை மட்டுமல்லாமல், அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் குழந்தை வாய் நிறையக் கவ்வும்படி பிடித்துப் பால் கொடுங்கள். நெடுநேரம் பசிக்கவிட்டு ஒரேயடியாகக் கொடுக்காமல், கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். இடையிலும் முடிவிலும் தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்யுங்கள். குடித்தபின் 20 அல்லது 30 நிமிடம் நிமிர்த்தித் தூக்கி வைத்திருங்கள். குடித்த உடனே ஸ்பிரிங் தொட்டிலில் போட்டு ஆட்ட வேண்டாம். வயிற்றில் துணியைச் சுற்றி இறுக்க வேண்டாம். தூங்கும்போது சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். பால் கக்கும் பிள்ளையைக் குப்புறப் போட்டால் நல்லது என்பது தவறு; குப்புறப் படுக்கும் கைக்குழந்தைக்குத் தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் ஆபத்து அதிகம்.

6 மாதம் ஆகும்வரை உரைமருந்து, ஓமத் தண்ணீர், கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். ஒரு வயது முடியும்வரை தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் விதை, குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். நாக்கில் தொட்டு வைக்கும் ஒரு துளியானாலும் வேண்டாம்.

ஆயினும், சில அடையாளங்களைக் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாந்தி பச்சை நிறமாக இருத்தல், வாந்தியில் இரத்தம், ஒவ்வொரு முறையும் பால் பீச்சியடித்தாற்போல் எட்டிப்போய் விழுதல், வயிறு வீங்கிக் கெட்டியாதல், காய்ச்சல், உச்சிக்குழி உப்பியோ குழிந்தோ இருத்தல், துணி நனைவது குறைந்துபோதல், மூச்சுத் திணறி நிறம் மாறுதல், எழுப்ப முடியாத சோர்வு. பீச்சியடிக்கும் வாந்தி பெரும்பாலும் பிறந்த 2 முதல் 8 வாரத்துக்குள் தொடங்கும். இரைப்பையின் வாயில் தசை தடித்து வழி அடைபடுவதே அதற்குக் காரணம். ஆண் குழந்தைகளுக்கு, அதிலும் தலைப்பிள்ளைக்கு, இது கூடுதலாக வரும். சிறிய அறுவைச் சிகிச்சையால் முற்றிலும் குணமாகிவிடும். ஆனால் காலம் தாழ்த்தக் கூடாது. எடை ஏறாமல் நின்றுவிட்ட குழந்தையையும் தவறாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இரண்டாவது, கரப்பான். மருத்துவர்கள் இதை எக்ஸிமா என்பார்கள். கைக்குழந்தைக்கு முதலில் கன்னத்திலும் நெற்றியிலும் தலையிலும் வரும். பிறகு கைகால்களின் வெளிப்புறத்தில் படரும். தோல் வறண்டு, சிவந்து, சொரசொரப்பாகி, சில வேளை நீர் கசியும். அரிப்புத்தான் இதன் முக்கிய அடையாளம். சொறியத் தெரியாத சின்னக் குழந்தை முகத்தைத் துணியிலும் தாயின் தோளிலும் தேய்த்துக்கொள்ளும். பல நாடுகளில் 10 பிள்ளைகளில் 1 அல்லது 2 பேருக்கு இது வருகிறது.

இது ஏன் வருகிறது? தோலை ஒரு செங்கல் சுவராக எண்ணிக்கொள்ளுங்கள். செங்கற்களுக்கு இடையே பூசிய சுண்ணாம்பு கெட்டியாக இருந்தால் உள்ளே உள்ள ஈரம் வெளியே போகாது. வெளியே உள்ள அழுக்கும் கிருமியும் உள்ளே வராது. சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே இந்தப் பூச்சு பலவீனமாக அமைந்துவிடுகிறது. தாய்க்கோ தந்தைக்கோ இளமையில் கரப்பான், ஆஸ்துமா, ஓயாத தும்மல் முதலியன இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்புண்டு. ஆகவே கரப்பானின் வேர் தோலில் இருக்கிறது. தாயின் சோற்றுத் தட்டில் அல்ல.

அப்படியானால், கரப்பான் பண்டம் என்று நம் பாட்டிமார் விலக்கி வைத்தது எல்லாம் பொய்யா? பாட்டிமார் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். கரப்பான் தானாகவே ஒரு வாரம் ஏறும், மறுவாரம் தணியும். ஏறிய வாரத்தில் தாய் என்ன தின்றாள் என்று தேடினால், கத்தரிக்காயோ கருவாடோ கட்டாயம் அகப்படும். பத்தியம் தொடங்கிய வாரத்தில் அது தானாகத் தணிந்தால், பத்தியமே தணித்தது என்று தோன்றும். பிள்ளையின் தடிப்புக்கும் உணவுக்கும் சில வேளை தொடர்பு உண்டு என்பது மெய்தான். ஆனால் எந்தப் பிள்ளைக்கு, எந்த உணவு என்பதை ஊகத்தால் அறிய முடியாது. லேசான கரப்பான் உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு உணவு காரணமே இல்லை.

கரப்பானுக்கு முதல் மருந்து ஈரத்தைக் காப்பது. நாளுக்கு ஒரு முறை வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடத்துக்குள் குளிப்பாட்டுங்கள். வென்னீர் வேண்டாம், வாசனைச் சவர்க்காரம் வேண்டாம். தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுத்து, மேனியில் ஈரம் காயும் முன்பே வெள்ளை வாசலினோ, கிளினிக்கில் கொடுக்கும் வாசனையற்ற களிம்போ தாராளமாகத் தடவுங்கள். குளிக்காத வேளையிலும் நாளுக்கு மூன்று நான்கு முறை தடவலாம். பருத்திச் சட்டை போடுங்கள். நகத்தை வெட்டிவிடுங்கள். குளித்த பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கத்தைக் கைவிடுங்கள். வீட்டினுள் சிகரெட் புகையும் ஆகாது. மருந்து தெளிக்கும் வேலையிலிருந்தோ பால் வெட்டிலிருந்தோ வருபவர்கள் குளித்து உடைமாற்றிய பின்பே குழந்தையைத் தூக்க வேண்டும்.

சிவந்து அரிக்கும் இடத்துக்கு மருத்துவர் ஸ்டீராய்டு களிம்பு கொடுக்கலாம். அதன் பெயரைக் கேட்டுப் பயந்து பூசாமல் விடுகிறவர்கள் பலர். அவர் சொன்ன இடத்தில், சொன்ன நாள் வரைக்கும் பூசினால் அது பாதுகாப்பானது. ஆனால் பக்கத்து வீட்டாரின் களிம்பையும், பெயர் ஒட்டாமல் சந்தையில் விற்கும் களிம்பையும் பிள்ளைக்குப் பூசக் கூடாது. தோலில் மஞ்சள் பொருக்கோ சீழோ காய்ச்சலோ கண்டால் கிருமி புகுந்துவிட்டது என்று பொருள். சிறுசிறு கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பி வலித்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

மற்றொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். கரப்பான் கண்ட மேனியில் கடலைமாவு, பயத்தமாவு, கடலை எண்ணெய், நல்லெண்ணெய் முதலியவற்றைத் தேய்க்காதீர்கள். வாய்வழியே வயிற்றுக்குப் போகும் உணவை உடம்பு நண்பனாக ஏற்றுக்கொள்ளப் பழகுகிறது. வெடித்த தோல்வழியே நுழையும் உணவையோ பகைவனாக எண்ணிவிடக் கூடும். கடலை எண்ணெய் கலந்த களிம்பைத் தடிப்புள்ள தோலில் பூசிய குழந்தைகளிடையே நிலக்கடலை ஒவ்வாமை கூடுதலாகக் காணப்பட்டதாக, 2003இல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வு கூறுகிறது.

இனி மூன்றாவதாகிய உணவு ஒவ்வாமைக்கு வருவோம். தாய்ப்பால் தன் சொந்தப் பிள்ளைக்கு ஒவ்வாமல் போவதில்லை. தாய் உண்ட பசும்பால், முட்டை போன்றவற்றின் புரதம் மிக நுண்ணிய அளவில் தாய்ப்பாலில் கலந்து வரும். அதை ஒருசில குழந்தைகளின் உடம்பு எதிர்க்கும். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் 200 குழந்தைகளில் ஏறத்தாழ ஒரு குழந்தைக்குத்தான் பசும்பால் ஒவ்வாமை காணப்படுகிறது. மற்ற 199 தாய்மார்கள் பத்தியம் இருந்து பயனில்லை.

அந்த ஒரு குழந்தையை எப்படி அறிவது? சளி கலந்த மலத்தில் இரத்தக் கீற்று தெரியலாம். களிம்பை ஒழுங்காகப் பூசியும் கரப்பான் தணியாமல் கடுமையாக இருக்கலாம். கக்குதலோடு எடையும் ஏறாமல், பால் குடிக்கவே மறுத்து அழலாம். இவ்வாறு பல அடையாளங்கள் சேர்ந்து வந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள். மற்றபடி நலமாக உள்ள குழந்தையின் மலத்தில் கீற்றளவு இரத்தம் கண்டால் பதற வேண்டாம். ஆனால் காட்டாமல் விடவும் கூடாது. குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு அழுது, மலம் சிவப்பு ஜெல்லியைப் போல வந்தால் அது வேறு நோய். குடல் குடலுக்குள் செருகிக்கொண்ட நிலை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒவ்வாமையைச் சோதிக்கும் முறை எளிது. ஆனால் ஒழுங்கு வேண்டும். மருத்துவர் சொன்னால், தாய் ஒரே ஓர் உணவை மட்டும், பெரும்பாலும் பசும்பாலை, 2 முதல் 4 வாரம் விலக்க வேண்டும். பால் என்றால் கோப்பைப் பால் மட்டுமல்ல. தே தாரிக், மைலோ, தயிர், வெண்ணெய், நெய், சீஸ், பால் கலந்த பிஸ்கட், ரொட்டி எல்லாம் அதில் அடங்கும். ஆட்டுப்பாலும் உதவாது, அதன் புரதம் பசும்பாலின் புரதத்தைப் போன்றதே. குழந்தை தேறினால், மருத்துவர் சொற்படி மீண்டும் பாலை உண்டு பார்க்க வேண்டும். அடையாளங்கள் திரும்ப வந்தால்தான் அது ஒவ்வாமை என்று உறுதியாகும். திரும்ப வராவிட்டாலும், முதலிலேயே மாற்றம் தெரியாவிட்டாலும், தாய் பழையபடி எல்லாம் உண்ணலாம். இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். காரணமே இல்லாமல் மாதக்கணக்கில் பத்தியம் இருக்கிறார்கள்.

பால் விலக்கும் நாட்களில் தாயின் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து குறையக் கூடாது. முள்ளோடு உண்ணும் நெத்திலி, முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள், தௌஃபு ஆகியவற்றில் அச்சத்து உண்டு. தேவையானால் கிளினிக்கில் மாத்திரை கொடுப்பார்கள். குழந்தைக்கு இருக்கும் பசும்பால் ஒவ்வாமை பெரும்பாலும் வளர வளர மறைந்துவிடும். மலத்தில் இரத்தம் காணும் வகையோ ஒரு வயது வாக்கிலேயே நீங்கிவிடுவது வழக்கம்.

ஒவ்வாமையில் திடீர் வகையும் ஒன்று உண்டு. ஓர் உணவை உண்ட சில நிமிடம் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் மேனியெல்லாம் தடித்து, உதடு வீங்கி, அடுத்தடுத்து வாந்தி வரும். மூச்சு இழுத்தாலோ, குழந்தை துவண்டாலோ அது உயிருக்கே ஆபத்து. உடனே 999 எண்ணை அழையுங்கள். தோட்டத்து வண்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அதில் ஏறிவிடுங்கள். இந்த வகை தாய்ப்பாலால் வருவது அரிது. குழந்தை நேரடியாக முட்டையையோ பசும்பாலையோ மாவுப்பாலையோ உண்ணும்போதுதான் பெரும்பாலும் வரும்.

இவ்வளவையும் நாம் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தாய்ப்பாலை நிறுத்தினால் அதன் இடத்தில் எது வரும் என்பதே கேள்வி. 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் அம்மையார் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் உரையாற்றினார். இனிப்பு டின்பாலைக் கைக்குழந்தைக்கு ஏற்ற உணவாகக் காட்டி விற்றதால் குழந்தைகள் மாண்டதை மருத்துவமனையில் நேரில் கண்டவர் அவர். தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்கும் பொருள்களின் விளம்பரத்துக்கு உலகச் சுகாதாரப் பேரவை கட்டுப்பாட்டு விதிகளை வகுத்தது 1981இல்தான். இனிப்பு டின்பாலில் ஏறக்குறையப் பாதி சர்க்கரை. இன்று கடையில் உள்ள பல டின்கள் பால்கூட அல்ல. செம்பனை எண்ணெய் சேர்த்த கிரீமர். அது தேநீருக்கு உரியது, தொட்டிலுக்கு உரியதன்று. குழந்தைக்கு வேறு பால் கட்டாயம் தேவைப்பட்டால், எந்த மாவு என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 2023 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. அந்த நாட்களில் பால் நன்றாக ஊறிவிடும். பின்னர் வேலைக்குப் போகும்போது பாலைப் பீய்ச்சிச் சுத்தமான பாத்திரத்தில் வைத்துச் செல்லலாம். நம் வெக்கையில் வெளியே 4 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. குளிர்பெட்டியின் உள்பக்கத்தில் 4 நாள் வரை வைக்கலாம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

6 மாதம் ஆனதும் கஞ்சியோடு மற்ற உணவுகளையும் ஒவ்வொன்றாகத் தொடங்குங்கள். ஒவ்வாமை வரும் என்று பயந்து முட்டை, மீன், நிலக்கடலை ஆகியவற்றை இரண்டு மூன்று வயது வரை தள்ளிப்போடச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2000இல் அப்படித்தான் கூறியது. 2008இல் அதை மாற்றிக்கொண்டது. 2015இல் லண்டனில் முடிந்த ஆய்வில், கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளைச் சேர்த்தார்கள். ஒரு வயதுக்கு முன்பே நிலக்கடலை உண்ணத் தொடங்கியவர்களில் 100க்கு ஏறத்தாழ 3 பேருக்கே 5 வயதில் கடலை ஒவ்வாமை இருந்தது; விலக்கி வைத்தவர்களில் 100க்கு 17 பேருக்கு இருந்தது. ஆகவே நன்றாக வெந்த முட்டையையும், விழுதாக அரைத்து நீர்க்கக் கரைத்த கடலையையும் சிறுகச் சிறுகக் கொடுக்கலாம். முழுக்கடலை தொண்டையில் அடைக்கும், அது வேண்டாம். கடுமையான கரப்பான் உள்ள பிள்ளைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள்.

பாட்டிமார்களே, தந்தைமார்களே! பிள்ளை அழுதால் தாயின் மேல் குற்றம் சுமத்தாதீர்கள். இரவெல்லாம் விழித்திருக்கும் அவளுக்கு வேண்டியது ஒரு தட்டுச் சூடான சோறு, மீன் குழம்பு, கீரை. குழந்தையை அரைமணி நேரம் தோளில் சாய்த்துக்கொள்ள இன்னொருவர் கை. கத்தரிக்காயையும் கருவாட்டையும் அவள் விரும்பினால் உண்ணட்டும். குழந்தையின் எடையைத் தவறாமல் நிறுத்துப் பாருங்கள். தோலுக்குக் களிம்பு பூசுங்கள். ஆபத்தான அடையாளங்களை மனத்தில் வையுங்கள். தாய்ப்பாலைத் தொடர்ந்து கொடுங்கள்.